நாலாவது சாடில்

"ஆறையும் ஒருங்கே மாற்றுக. பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்." மகன் கனடாவிலிருந்து அனுப்பிய பொதிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுக் காகிதத்தின் முதல் அறிவுறுத்தல், தமிழில் சொன்னால், இதுதான். தெளிவான விதி. விதிவிலக்கு எதுவும் குறிப்பிடப்படவில்லை. வாழ்நாளெல்லாம் அரசாங்கக் கந்தோரில் இருந்து மற்றவர்களுக்கு விதி வாசித்துக் காட்டியவன் நான். மறுக்க எனக்கு வழியில்லை.

பொதியில் இருந்தவை சாடில்கள். எலெக்ரிக் கிற்றாரின் அடியில், ஒவ்வொரு கம்பியும் வந்து அமரும் சிறிய இரும்புத் துண்டுகள். கொழும்புத்துறைக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பை அது சும்மா விடாது. எங்கள் கூடத்துச் சுவரில் தொங்கும் கிற்றாரின் சாடில்களைக் கறள் தின்றுவிட்டது. "ஆவணியிலை அம்மான்ரை முதலாம் ஆட்டைத் திவசத்துக்கு வாறன் அப்பா, வந்து வாசிக்கவேணும், மாத்தி வையுங்கோ" என்று மகன் தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

அந்தக் கிற்றாரை அவன் பள்ளிக்கூட நாட்களில் பழையதாகத்தான் வாங்கினான். அப்போதே அதற்கு ஒரு குறை இருந்தது. என் மனைவி குசினியிலிருந்து "இஞ்சாருங்கோ" என்று இழுத்துக் கூப்பிட்டால், அந்தக் 'கோ' முடிவதற்குள் சுவரில் நாலாவது கம்பி மெல்ல அதிரும். அதன் சாடிலில் தளர்ந்திருந்த திருகாணி, போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு போல இரையும். நான் பெரும்பாலும் பத்திரிகைக்குள் இருப்பேன்.

"அம்மா, நாலாம் கம்பி உங்களுக்குப் பதில் சொல்லுது. அப்பாதான் சொல்லுறேல்லை" என்பான் மகன்.

"அதுக்காவது காது கேக்குதே" என்பாள் அவள்.

மகன் வெளிநாடு போன பிறகும் கிற்றாரைச் சுவரிலிருந்து இறக்க அவள் விடவில்லை. கூப்பிடுவதையும் விடவில்லை. போன ஆவணியில் அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டுச் சனம் கலைந்து சில கிழமைகளின் பின், ஒரு மத்தியானம் அந்த நாலாம் கம்பி இரைந்தது. விசாரணையை முறைப்படி நடத்தினேன். குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போது கிற்றார் அதிர்வதைக் கண்டுபிடித்து, காரணம் அறியப்பட்டது என்று மனதில் கோப்பை மூடினேன். அடுத்த கிழமை கரண்ட் நின்றிருந்தது. பெட்டி ஓடவில்லை, விசிறி சுற்றவில்லை, தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. நாலாவது கம்பி இரைந்தது.

"என்ன?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது பதில் என்று உறைத்தது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, குசினி வாசல்வரை போய்ப் பார்த்தேன். அதன் பிறகு கோப்பை மூட முடியவில்லை.

சாடில் மாற்றத் தெரிந்தவர் குருநகரில் இருந்து வந்தார். மாதா கோவில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவர். கிற்றாரை மடியில் வைத்து, நாலாவது கம்பியைத் தட்டி, சாடிலில் விரலை வைத்து அழுத்தினார். சத்தம் நின்றது.

"உதுதான் ஐயா இரையிறது. திருகாணி இருக்கிற ஓட்டையைக் கறள் திண்டிட்டுது. புதுசு போட்டா ஒரு சத்தமும் இராது."

"ஒரு சத்தமும்?"

"ஓம் ஐயா. சுத்தமாயிருக்கும். கழட்டுவமோ?"

"கொஞ்சம் பொறும். எழுதிக் கேக்கவேணும்."

"ஆரை?"

"சொந்தக்காரரை."

"உங்கடை மோனைத்தானே?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவர்தானே ஐயா உதை அனுப்பினவர்."

"அனுப்பினது வேறை. அனுமதி வேறை."

"நல்ல காலம் நீங்கள் பென்சன் எடுத்திட்டியள்" என்று சொல்லிச் சிரித்தபடி எழும்பினார்.

ஒரு காரியத்தை மறுக்காமலே நிறுத்தி வைக்கும் வழி கேள்வி கேட்பது. அது எனக்குக் கைவந்தது. புதிய சாடில்களின் அகலம் பழையவற்றுக்குப் பொருந்துமா என்று மகனுக்கு எழுதினேன். செய்தியின் கீழே இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. வாசித்துவிட்டான் என்பதற்கு அத்தாட்சி, பதில் அல்ல. பழைய திருகாணிகளைத் திரும்பப் பாவிக்கலாமா என்று எழுதினேன். நீலக் கோடுகள். தொலைபேசியில் கதைக்கும்போது அவன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டான், மருந்தைப் பற்றிக் கேட்டான்; கிற்றார்ப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் மூன்றாவது கேள்வியை எழுதினேன். இரண்டு முறை அழித்து எழுதியது: "அறிவுறுத்தலுக்கு மாறாக, ஆறில் ஒன்றை மாற்றாமல் விட இயலுமா?" எது என்று குறிப்பிடவில்லை. ஏன் என்றும் குறிப்பிடவில்லை. காரணம் காட்டாத விண்ணப்பத்தை நானாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நீலக் கோடுகள் விழுந்தன. குருநகர்க்காரர் இரண்டு தடவை தொலைபேசியில், "அனுமதி வந்திட்டுதோ ஐயா?" என்று கேட்டுவிட்டார்.

செத்தவீடு நடந்து வருசம் திரும்பாத துடக்கு வீடு என்பதால் நான் ஆடிக்கூழ் காய்ச்சவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு சட்டியில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். மேசையில் வைத்து ஆற விட்டிருந்தேன். தொலைபேசி ஒளிர்ந்தது.

"நாலாவதை விடுங்கோ அப்பா. மற்ற அஞ்சையும் மாத்தச் சொல்லுங்கோ."

அன்று ஆடிப்பிறப்பு.