நான் போட்ட ஒரே கையெழுத்து

எனக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. இப்போது அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அப்போது சொல்லாமல் அடக்கி வைத்திருந்ததுதான் பெரும்பாடு. இருவரும் ஒரே வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தோம். அவன் ராசிபுரத்து நெசவுக் குடும்பம்; நூல் வியாபாரம். நான் எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு வந்து ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவன். வாய்க்கு வாய் அண்ணா என்பான். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

பத்திரிகையில் அவன் கதை முன்னால் வரும், என் கதை பின்னால். யுத்த காலத்துத் தாள் பஞ்சத்தில் இடம் விடாமல் அச்சடிப்பார்கள். அவன் கதை முடிகிற தாளைத் திருப்பினால் அதன் முதுகில் என் கதையின் முதல் பக்கம் இருக்கும். ஆரம்பத்தில் இது என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். அவனைப் படிக்க வருகிறவர்கள் தாளைத் திருப்பாமலா போய்விடுவார்கள்?

இரண்டு கதைகளும் முடிந்த சமயம், நாமக்கல்லில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு எங்கள் இருவரையும் பேசக் கூப்பிட்டார்கள். வாசகர்கள் கையெழுத்துக் கேட்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரம் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். வக்கீல் ஆபீஸில் கழித்துப் போட்ட தாள்களில் எல்லாம் என் பெயர்தான். கடைசி எழுத்திலிருந்து அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டால் பார்க்க எடுப்பாக இருந்தது. புது நிப்பும், மையை ஒற்றியெடுக்கிற தாள் ஒரு கட்டும் வாங்கிக்கொண்டு போனேன்.

கூட்டம் முடிந்தது. வரிசை நின்றது. அவன் முன்னால் நின்றது.

எல்லோர் கையிலும் பைண்டு புத்தகம். தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோத் துணி ஒட்டித் தைத்து வைத்துக்கொள்வது அப்போது வீட்டுக்கு வீடு வழக்கம். ஓமலூரிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வந்திருந்தார். எருமப்பட்டிக்காரர்கள் நான்கு பேர், என் சொந்த ஊர்க்காரர்கள், என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவன் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள்.

அவன் ஒவ்வொருவரிடமும், "பேரு சொல்லுங்க, ஊரு எதுங்க?" என்று கேட்டு, இரண்டையும் எழுதி, அதன்கீழ் தன் பெயரைப் போட்டான். வியாபாரி புத்தி, கிராக்கியைக் கையில் பிடித்து வைத்துக்கொள்கிறான் என்று மனதுக்குள் திட்டினேன். மை காயவில்லை. "அண்ணா, அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்களே" என்றான். கொடுத்ததோடு விட்டேனா? சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்று, அவன் போடப் போட நான் ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தேன். என் காசில் வாங்கிய தாளில் அவன் பெயர் இடம்வலம் மாறி விழுந்துகொண்டே இருந்தது.

அப்போது ஓர் அம்மாள், கையெழுத்து வாங்கி முடிந்த கையோடு, வரிசையிலிருந்து விலகி என் பக்கம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பைண்டு புத்தகம்.

"ஏனுங்க, அந்தப் புருசன் ஊட்டை உட்டுட்டு வர்ற பொண்ணு கதை, நீங்க எழுதுனதுதானுங்களே?"

என் கதைதான். எனக்குக் காது குளிர்ந்தது. புத்தகத்தை வாங்கித் திறந்தேன். முதல் பக்கத்தில் அவன் கதைத் தலைப்பு. அதன்கீழ் யாரோ ஓர் ஆண்பிள்ளையின் பெயர், ஊர், அவன் கையெழுத்து.

"அது எங்க ஊட்டுக்காரரு வாங்குனதுங்க" என்றார். "எங்களுக்குப் பரமத்தி வேலூருங்க, வெத்தலைக் கொடிக்கால் வெவசாயம். அவருக்கு அந்தக் கதைன்னா உசுரு. அதை மட்டும் கிழிச்செடுத்துட்டு மீதியைக் கடையில பொட்டலம் மடிக்கப் போட்டுருவாருங்க. அந்தக் கதை முடியற தாளுக்குப் பின்னால உங்க கதையில மொதப் பக்கம் இருக்குமுங்க. நான் வாராவாரம் அதை மட்டும் படிச்சேனுங்க."

"மீதிக் கதை?"

"நானே நெனச்சுக்குவேனுங்க. கடைசில அந்தப் புள்ள பொறந்த ஊட்டுக்குப் போயிட்டாளுங்களா?"

போய்விட்டாள், அண்ணன்மார் அழைத்துக்கொண்டார்கள் என்றேன். அவர் முகம் சற்று வாடியது.

"நான் நெனச்சதுல அவ போகலீங்க. ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல பரிசல் துறையில எறங்கிக்கிட்டா. அங்கியே குத்தகைக்கு ஒரு கொடிக்கால் புடிச்சுட்டா. ரெண்டு ஊட்டுக்காரங்களும் விசேசம்னா அவகிட்டத்தான் வெத்தலைக்கு வரோணும்."

கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அதுதான் முடிவு என்று. ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு எனக்குக் கிடைக்காதது இந்த அம்மாளுக்கு, பாதிக்கு மேல் பொட்டலமாகப் போன கதையில் கிடைத்திருக்கிறது. அதுவரை ஒருவன்மேல்தான் பொறாமை.

"ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். என் கதையின் முதல் பக்கம் ஒன்றை எடுத்து, பழகி வைத்திருந்தபடியே பெரிதாகப் போட்டு, கோட்டையும் இழுத்தேன். மெல்லிய தாள், மை மறுபுறம் ஊறி அவன் வரிகள்மேல் படர்ந்தது. அதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. போடும்போது என் கண் தாளிலேயே இல்லை. அவன் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தான். "இருங்கண்ணா" என்று எழுந்து வந்து, தாளை வைத்துப் பதமாக ஒற்றிக் கொடுத்தான். அந்த அம்மாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கதை சேலத்தில் புத்தகமாக அச்சானது. முடிவை மாற்றியிருந்தேன். பரிசல் துறை, கொடிக்கால், வெற்றிலைக்கு வந்து நிற்கிற இரண்டு வீட்டாரும். வந்த கடிதங்கள் எல்லாம் அந்த முடிவைத்தான் புகழ்ந்தன.

அவன் ராசிபுரத்திலிருந்து இதற்கென்றே வந்தான். "இந்த முடிவு எப்படித் தோணுச்சுங்கண்ணா? எனக்கெல்லாம் வரவே வராதுங்க. நெசமாச் சொல்றேன், பொறாமையா இருக்குது."

எத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த வார்த்தை. "தோணுச்சு" என்றேன். காப்பி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அவன் போனபிறகு ஒரு பிரதியை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தேன். பரமத்தி வேலூருக்கு நாமக்கல்லிலிருந்து தினமும் பஸ் உண்டு. யார் கையிலாவது கொடுத்தனுப்பலாம். முதல் பக்கத்தில் ஊரை எழுதினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. அந்த அம்மாளின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.