அண்ணி ரொப்பிய பாட்டில்

ஒரு லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் எங்கள் தெருவின் பெயர். அதை அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆபீசிலிருந்து வந்த மேடம், "மோட்டார் பத்து நிமிஷம் ஓடட்டும்மா, அப்புறம் ரொப்பி வைங்க. நான் குப்பைமேட்டைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்னால்தான் வெகுகாலமாகக் குப்பை கொட்டி வந்தார்கள். மழைக்கு மழை அது ஊறி, எங்கள் போர் தண்ணீர் கெட்டுவிட்டது. டீ போட்டால் மை மாதிரி கறுக்கும். சோறு மஞ்சளாகும். குடிக்கக் கேன் தண்ணீர்தான். மனு மேல் மனு எழுதியதில் ஒரு வழி பிறந்தது. போர் தண்ணீர் மோசம் என்று ரிப்போர்ட் வந்தால் எங்கள் தெருவுக்கும் கூட்டுக் குடிநீர்க் குழாய் போடுவார்கள். நல்லது என்று வந்துவிட்டால் அவ்வளவுதான்.

அண்ணி பட்டு நெய்கிறவர். தறியிலிருந்து அறுத்த புடவையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கத்தரித்துவிட்டுத்தான் கடைக்கு அனுப்புவார். வீட்டை விட்டு வெளியே போகிற எதுவும் பழுதில்லாமல் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, அடுப்படியில் இருந்த கேனைச் சாய்த்து ரொப்பி, ஈரம் துடைத்து வைத்துவிட்டார்.

"இன்னா அண்ணி இது?"

"ஆபீசுக்குப் போற தண்ணிப்பா. நாலு பேரு பாப்பாங்க. அந்த மஞ்சத் தண்ணியவா குடுத்தனுப்பறது? தெரு மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"ரிப்போர்ட்டு?"

"அவங்க படிச்சவங்க. நம்ம மோட்டார் வாசனையிலயே கண்டுபுடிச்சிருப்பாங்க. நீ சும்மா இரு."

மேடம் திரும்பி வந்தபோது தெருவே கூடியிருந்தது. ஆறு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு நாக்கு எழாது. அதிலும் அத்தனை பேர் எதிரில் அண்ணியை எப்படிக் காட்டிக்கொடுப்பது? மேடம் பாட்டிலைப் பைக்குள் வைக்கப் போனார். நான் அதை வாங்கினேன். மூடியைத் திருகி, அண்ணாந்து, பாதிக்கு மேல் குடித்துவிட்டேன்.

"ஐயோ, சாம்பிளைக் குடிச்சிட்டீங்களேங்க!"

"தாகம் மேடம்" என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்தி நின்ற அண்ணியைப் பார்த்தார். "போர் தண்ணிய இங்க யாராச்சும் இப்படிக் குடிப்பீங்களா?"

"அத்த குடிச்சிருந்தா இந்நேரம் வாந்தி எடுத்துகினு இருப்பான்" என்றார் எதிர்வீட்டு அக்கா. மேடத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேறொரு பாட்டிலை எடுத்துக்கொண்டு தாமே மோட்டாரடிக்குப் போனார்.

குடிக்க உகந்ததல்ல என்று ரிப்போர்ட் வந்த அன்று தெருவே லட்டு தின்றது. அண்ணி மட்டும் தொடவில்லை. "நம்ம வூட்லருந்து போனது எதுவும் இதுவரைக்கும் பெயில் ஆனதில்ல" என்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்கு மெல்லத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு நம் தெருத் தண்ணீரைக் கொடுக்க முடியாமல் போனது அவரை அத்தனை வருஷமும் உள்ளுக்குள் அரித்திருக்கிறது.

குப்பைமேடு இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. போர் தண்ணீரில் நாங்கள் துணிகூடத் துவைப்பதில்லை. ஆனால் குழாய் வந்துவிட்டது. புதுத் தண்ணீரைச் சோதிக்க அதே மேடம் வந்தபோது, பாட்டிலைத் திறக்கவே அண்ணி விடவில்லை. குழாயடியில் நேராக ஒரு சொம்பு பிடித்து நீட்டினார்.

"எங்க தெரு தண்ணி மேடம். எங்க கொழுந்தன் புடுங்கறதுக்குள்ள ஜல்தியா குடிச்சிடுங்க."