கழுவி வைத்த போத்தல்கள்

கதிர்காமத்தம்பியின் பெயரைச் சொன்னால் செங்கலடியில் பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான். டொக்டர் தங்கராசாவின் டிஸ்பென்சரிக்கு எதிரே இருபது வருடம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த மீராசாஹிப் நான். கதிர்காமத்தம்பியை என்னைவிட அதிகம் பார்த்தவனும் இல்லை, அதிகம் ஏசியவனும் இல்லை.

டொக்டர் சீட்டு எழுதுவார். மருந்து கலக்கிக் கொடுப்பது கதிர்காமத்தம்பி. அந்த நாளில் மருந்துக்குப் போகிறவர்தான் போத்தலும் கொண்டுபோக வேண்டும். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், வீட்டில் எது கிடக்கிறதோ அது. ஒருமுறை வயல் வட்டையிலிருந்து வந்த ஒரு கமக்காரர், மாட்டுப் புண்ணுக்குப் பூசும் காபோலிக் அமிலம் இருந்த போத்தலை ஒப்புக்கு அலசிவிட்டு நீட்டினார். இவரும் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்துவிட்டார். குடித்தவருக்கு வாயும் தொண்டையும் வெந்து, ஒரு மாதம் கஞ்சிதான் ஆகாரம்.

அன்றைக்குத் தொடங்கியது வில்லங்கம். எந்தப் போத்தலை நீட்டினாலும் மூக்கில் வைத்து மணந்து பார்ப்பார். கொஞ்சம் வாடை அடித்தாலும் கழுவி, சுடுதண்ணீரில் போட்டெடுத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பிவிடுவார். உடையார் வீட்டு ஆளென்றாலும் அதே கதைதான். ஒருநாள் என் போத்தலையும் திருப்பினார். தேங்காயெண்ணெய் மணக்கிறதாம்! எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. மனுசன் பச்சைத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பனும் இல்லை. வந்தாறுமூலையில் இருந்த தாய்வீடு தங்கை ஆச்சிப்பிள்ளைக்குச் சீதனமாய்ப் போக, இவர் டிஸ்பென்சரிப் பின்னறையில் ஒண்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கை வீட்டில் சோறு. அவளுடைய நாலு வயது மகள் மாமனின் தோளைவிட்டு இறங்கமாட்டாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் மலேரியாக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போனது. டிஸ்பென்சரி வாசலில் விடியமுன்னமே சனம் வரிசை பிடிக்கும். அப்படியொரு நாள் நடுமத்தியானத்தில் ஆச்சிப்பிள்ளை ஓடிவந்தாள். மகளுக்கு அனலாய்க் கொதிக்கிறதாம். டொக்டர் காலையில் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதிய சீட்டு ஒரு கையில், போத்தல் மறுகையில். இவர் வாங்கி மணந்து பார்த்தார். மண்ணெண்ணெய்.

அன்று காலையில் மட்டும் ஏழு பேரைத் திருப்பியிருந்தார். அவர்களில் சிலர் கழுவிய போத்தலோடு வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். தங்கைக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று இவருக்குத்தான் பயம். கழுவிக்கொண்டு வரச் சொல்லி அவளையும் திருப்பிவிட்டார். அவள் அழுதுகொண்டே வந்த வழியே ஓடினாள். என் கடையில் ஒரு அடுக்குப்பானைச் சுடுதண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரியில் நல்ல வெறும் போத்தலும் இருந்தது. அந்த மடையன் கேட்கவுமில்லை, இந்த மடையன் கொடுக்கவுமில்லை.

பிள்ளை மருந்து கிடைக்காமலே பொழுதுபடமுன் போய்விட்டது. ஒரு நேர மருந்தால் தப்பியிருக்காது என்று டொக்டர் எத்தனையோ தடவை சொன்னார். செத்தவீட்டுக்குப் போன இவரை ஆச்சிப்பிள்ளை வாசலிலேயே மறித்தாள்.

"போத்தலுக்குக் குடுத்த மரியாதைய எண்ட புள்ளைக்குக் குடுக்கல்லயே அண்ணன். இனி இந்தப் படிய மிதிக்காதீங்க."

மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து வெறும் போத்தல் இருந்தால் தரச் சொன்னார். இருந்ததெல்லாம் கொடுத்தேன். சாம்பல் போட்டு விளக்கி, கொதிக்கவைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து அலமாரித் தட்டில் அடுக்கினார். அதன்பிறகு ஒருவரையும் திருப்பவில்லை. வாடையடிக்கும் போத்தலை வாங்கி வைத்துக்கொண்டு கழுவிய போத்தலில் மருந்து கொடுப்பார். பட்டினத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், இப்படி ஒழுங்கான டிஸ்பென்சரியைத் தான் கண்டதில்லை என்று டொக்டரிடம் புகழ்ந்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் இவர் போத்தல்தான் கழுவினார். வந்து இருந்து ஒரு வாய் சாப்பிடச் சொன்னால், "வேலை கிடக்கு காக்கா" என்று அண்ணன் முறை சொல்லி மறுப்பார்.

ஏழு வருடம் கழித்து ஆச்சிப்பிள்ளை வந்தாள். நான் இருமல் மருந்துக்காக அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். வற்றிப்போன உடம்பு, காய்ச்சலில் நடுக்கம். போத்தலை மேசையில் வைத்தாள். மண்ணெண்ணெய் வாடை வாங்குவரைக்கும் அடித்தது. இவர் அதை மணக்கவில்லை. ஓரமாக வைத்துவிட்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மருந்தை ஊற்றி, தக்கையை இறுக்கி, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்டைக்கு இதில ஒண்டு இருந்திருந்தாப் போதுமே, அண்ணன்."

"ஓம்" என்றார்.

அவள் போய்விட்டாள். அவளுடைய போத்தலை அவர் கழுவிக் காயவைத்து, மற்றதுகளோடு சேர்க்காமல் சன்னலில் வைத்தார். அதைத் திருப்பிக் கேட்டு அவள் வரவேயில்லை.