இட்லி மாவுக்காக அடைத்த வேட்டி

எழுபதுகளின் பின்பாதியில் நடந்தது இது. சென்னையிலிருந்து மெல்போர்னுக்குப் போய், கிளென் வேவர்லியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தோம். அதுதான் எங்களுக்கு அங்கே முதல் குளிர்காலம். வீட்டில் நான், என் கணவர், அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த என் மகள், மூன்றே பேர்.

குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இட்லி மாவு பொங்காததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கரைத்து வைத்தது வைத்தபடியே அசையாமல் கிடக்கும். கல்லு கல்லாக இட்லி சாப்பிட்டு வெறுத்துப்போயிருந்த சமயத்தில், நடைவழி அலமாரி என் கண்ணில் பட்டது. அதற்குள் கேஸில் எரியும் பெரிய ஹீட்டர் ஒன்று இருந்தது. அதில் சூடாகும் காற்றை ஒரு மின்விசிறி குழாய் வழியாக எல்லா அறைகளுக்கும் தள்ளும். அதன் பக்கத்தில் மாவுப் பாத்திரத்தை வைத்தேன். அலமாரிக் கதவில் மேலேயும் கீழேயும் காற்றுப் போக இடுக்குகள் இருந்தன. "சூடெல்லாம் இது வழியா வீணாப் போகுது" என்று என் கணவர் தன் பழைய வேட்டியைக் கிழித்து அந்த இடுக்குகளை இறுக்கி அடைத்தார். மறுநாள் காலை மாவு பொங்கி வழிந்தது. ஏதோ பரீட்சையில் முதல் வகுப்பில் பாஸானது போல இரண்டு பேருக்கும் ஒரே பெருமை.

அதற்குப் பிறகு எனக்குத் தினமும் தலைவலி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்தே கிடப்பேன். குழந்தையும் பாலைக் கக்கினாள், விளையாடாமல் தூங்கி வழிந்தாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஹீட்டரை இன்னும் கூட்டி வைத்தோம். காலையில் என் கணவருக்கும் தலை கனக்கும். ஆனால் ஆபீஸ் போனதும் சரியாகிவிடும் என்பார். "ஆபீஸ் போனா தலைவலி போகுதுன்னு சொல்ற ஒரே மனுஷன் நீங்கதான்" என்று கேலி செய்தேன். கேலியோடு விட்டுவிட்டோம்.

ஒரு சனிக்கிழமை காலையில் பேய்க்காற்று அடித்து, எங்கேயோ மரம் விழுந்து, தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஹீட்டர் நின்றது. வீடு ஐஸ் பெட்டி மாதிரி ஆனது. மின்சார இலாகாவை வாய் வலிக்கத் திட்டினேன். வெளிச்சத்துக்காகப் பின்கதவைத் திறந்து வைத்து, இருந்த கம்பளியெல்லாம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். மத்தியானம் பார்த்தால் குழந்தை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு, என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறாள். எனக்கும் தலைவலியைக் காணோம். முதல்நாள் வேண்டிக்கொண்டு பூசிய விபூதி வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் மின்சாரம் வந்தது. மின்விசிறி ஓடியது, ஆனால் குளிர்காற்றுதான் வந்தது. ஹீட்டருக்குள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சின்னச் சுடர் அணைந்து போயிருந்தது. என் கணவர் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்துப் படித்து, பொத்தானை அழுத்தி, தீக்குச்சி கிழித்துப் பார்த்தார். மஞ்சளாக ஒரு சுடர் சோம்பலாக எழும்பும், உடனே அணைந்துவிடும். இருட்டப் போகிறது, குழந்தைக்குக் குளிருமே என்று எனக்குப் பதற்றம். என் கணவரை அனுப்பிப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு வரச் சொன்னேன். அதுவரை அவருக்கும் எங்களுக்கும் வேலிக்கு மேலே கையசைப்போடு சரி.

டார்ச்சும் கையுமாக வந்தார். குனிந்து பார்த்தவர், மாவுப் பாத்திரத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பிறகு கதவு இடுக்கில் இருந்த துணியைத் தொட்டார். ஹீட்டரின் முகப்பில் கரி படிந்திருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவ்வளவுதான், கேஸ் குழாயை மூடிவிட்டு, வேட்டித் துண்டுகளைப் பிடுங்கி எறிந்து, "ஓப்பன் த விண்டோஸ்! ஆல் ஆஃப் தெம்!" என்று கத்தினார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை நடுங்குகிறது, பற்றவைத்துக் கொடு என்று கூப்பிட்டால் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாரே! "வேண்டாம்" என்று நான் ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தள்ளவில்லை. தலை வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். அடுத்து, குழந்தை ரொம்பத் தூங்குகிறதா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். நானே ஜன்னலைத் திறந்தேன்.

காற்றுப் போதாமல் எரியும் நெருப்பு விஷவாயுவைக் கக்கும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அத்தனை நாளும் கதவு இடுக்கை அடைத்து, அதைத்தான் சுவாசித்துக்கொண்டு தூங்கியிருக்கிறோம்.

குழந்தையைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு எங்களையும் தன் வீட்டுக்கு இழுத்துப்போனார். டாக்டரிடம் காரில் அழைத்துப்போனவரும் அவர்தான். பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அன்று இரவு அவர் வீட்டுக் கூடத்தில் படுத்தோம். காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால், அடுப்புப் பக்கத்தில் துண்டு போர்த்தியபடி என் மாவுப் பாத்திரம்! எனக்குத் தெரியாமல் போய் எடுத்து வந்திருக்கிறார். மாவு பொங்கியிருந்தது. இனிமேல் கரைத்தால் இங்கே கொண்டுவந்து வை என்றார். எங்களுக்கு அங்கே சொந்தம் என்று ஏற்பட்டது அந்தக் காலையில்தான்.

திங்களன்று ஹீட்டரைப் பழுது பார்க்க வந்தவர், என் கணவரை மட்டும் வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். உள்ளே வந்த என் கணவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

பற்றவைத்துக் கொடுங்கள் என்றுதான் நாங்கள் கேட்டோம். அந்த அம்மா கேட்டதைச் செய்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்ல நாங்களும் இருந்திருக்க மாட்டோம். இன்று என் மகளுக்கு என்னைவிடக் குரல் பெரிது. எதற்கெடுத்தாலும் என்னிடம் சண்டைக்கு வருவாள். அவள் கத்தக் கத்த, எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் அந்த அம்மாவின் முகம் வந்து நின்றுவிடுகிறது. கத்தட்டும், நன்றாக மூச்சு வாங்கிக் கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.