விளக்கெண்ணெய் வைத்த தலை

எனக்குச் சுருட்டை முடி. சீப்பு போட்டால் பல் உடையும். ஊரில் அது ஒரு தொந்தரவாக இல்லை. ஓசூரில் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் தொந்தரவு.

எங்களுக்குக் கண்ணாடி ரூமில் வேலை. சின்னச் சின்னப் பாகங்களை இடுக்கியால் எடுத்துக் கோர்க்க வேண்டும். தூசி, முடி எதுவும் விழக்கூடாது. எல்லோருக்கும் வெள்ளைத் தொப்பி. என் தொப்பி மட்டும் நிற்காது. பின்கழுத்து முடி அதைத் தூக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வெட்டினால் இன்னும் தூக்கும், கட்டவும் வராது.

சூப்பர்வைசர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாசம் முடியறதுக்குள்ள தொப்பி ஒழுங்கா நிக்கணும்மா. இல்லன்னா பேக்கிங்குக்குப் போயிடு.”

பேக்கிங் போன பெண்கள் யாரும் நிரந்தரம் ஆனதில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. நடத்திய அக்கா கன்னடக்காரர். பெங்களூரில் தொழில் கற்றவர். முடியை முழுக்க நேராக்காமல் சுருளை மட்டும் தளர்த்தும் க்ரீம் அவரிடம் இருந்தது. வருவதற்கு முன்னால் தலைக்குக் குளிக்காதே, சொறியாதே என்று மட்டும் சொன்னார்.

க்ரீம் சூடு என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பார்லருக்குப் போகும் முன் குளிர்ச்சிக்கு விளக்கெண்ணெய் வைத்தேன். பின்கழுத்தில் சொட்டச் சொட்ட வைத்தேன். எங்கள் பக்கம் தலைக்கு எது வந்தாலும் அதுதான் வைத்தியம். எண்ணெய்த் தலைகளையே தினமும் பார்க்கிறவர், அந்த அக்காவும் ஒன்றும் கேட்காமல் க்ரீமைத் தடவிக் கழுவி அனுப்பினார்.

ரூமுக்கு வந்து முடி காய்ந்த பிறகு பார்த்தால் முன்பக்கம் தளர்ந்து படிந்திருந்தது. பின்பக்கம் பழைய மாதிரியே சுருண்டிருந்தது.

என்னோடு ரூமில் தங்கியிருந்தவள் குருபரப்பள்ளிக்காரி. அதே கம்பெனி. பார்த்ததும் சிரித்தாள்.

“ஏண்டி, முன்னாடி வெள்ளாடு, பின்னாடி செம்மறியாடு. உன்ன எந்த மந்தையில ஓட்டறது?”

நான் சிரிக்கவில்லை. நேராகப் பார்லருக்குப் போனேன். அக்கா பின்முடியைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்.

“என்னா வெச்சிகினு வந்தே?”

“விளக்கெண்ணெ.”

“அய்யோ தேவரே! எண்ணெ மேல க்ரீம் எப்படிம்மா ஏறும்?”

“இப்பவே இன்னொரு தடவ போட்டுடுங்கக்கா.”

“பேடம்மா, வேணாம். முன்னாடி முடி கையோட வந்துடும். ரெண்டு வாரம் போவட்டும். சீயக்கா போட்டு எண்ணெய நல்லா எடு. வர்றதுக்கு ரெண்டு மூணு நாளு முன்னாடி அதையும் நிறுத்திடு. சொறியாத.”

ரெண்டு வாரம் என்றால் மாசக் கடைசி. வேறு வழியில்லை. தொப்பிக்கு ஊசி குத்திச் சமாளித்தேன். கதவு திறந்தால் சூப்பர்வைசரோ என்று திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் சீட் இருந்தாலும் உட்காரப் பொறுமை இல்லை. கை தானாகப் பின்கழுத்துக்குப் போகும், இழுத்துக்கொள்வேன். ஒருநாள் நினைவில்லாமல் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டேன். நகத்தில் லேசாக ரத்தம்.

சொன்ன நாளில் போனேன். அக்கா பின்னாலிருந்து நாலு முடி வெட்டி, அதில் க்ரீம் தடவி, தளர்கிறதா என்று பார்த்தார். தளர்ந்தது. முன்பக்கம் ஏற்கெனவே பிடித்த முடியில் க்ரீம் படாமல் இருக்க வாஸ்லைனை அப்பினார். பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தடவி, சீப்பின் முதுகால் நீவினார்.

சொறிந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. நெருப்பு வைத்த மாதிரி இருந்தது.

“எரியுதாம்மா? எரிஞ்சா சொல்லு, உடனே கழுவிடலாம்.”

கழுவினால் மறுபடி பாதியில் நிற்கும். அதற்குள் மாசம் முடிந்துவிடும்.

“இல்லக்கா.”

நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா நேரம் பார்த்துக் கழுவினார். காதுக்குப் பின்னால் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தார். தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “பைத்தியக்காரி” என்றார். மருந்து தடவி அனுப்பினார்.

மறுநாள் தொப்பி படிந்து உட்கார்ந்தது. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். பார்த்தார். “ம், வேலையப் பாரு” என்று அடுத்த மேசைக்குப் போனார்.

இடுக்கியை எடுத்தேன். புண் காய ஆரம்பித்து அரித்தது. அந்த ரூமில் தலைக்குக் கை போகக்கூடாது. மணி அடிக்கும் வரை நான் கையைத் தூக்கவில்லை.