கருவாய்ச் செடி

எனக்கு எட்டு வயது இருக்கும். செம்பவாங் கப்பல் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் வீடு. பின்னாலிருந்த மேட்டில் ஊதாப் பூப் பூக்கும் புதர்கள் மண்டிக் கிடந்தன. மலாய்க்காரர்கள் அதைச் செண்டுடுக் என்பார்கள். அம்மாவின் அண்ணன் பூமலை என்ற தாவரவியல் தோட்டத்தில் செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயர் எழுதும் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவிலிருந்து பஸ் பிடித்து வருவார். அந்தப் புதரின் பெயரைக் கேட்டால் "மெலஸ்டோமா" என்று பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார்.

ஒரு ஞாயிறு மாமா சாப்பிட உட்கார்ந்ததும் நான் மட்டும் மேட்டுக்குப் போனேன். பழங்கள் வெடித்து, உள்ளே கருஞ்சிவப்பாய்க் குழைந்திருந்தன. இனித்தன. கைநிறையத் தின்றுவிட்டு வந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் கையிலிருந்த ரசச்சட்டி விழுந்து உருண்டது. என் வாயைப் பிளந்து பார்த்தாள். உதடு, பல், நாக்கு எல்லாம் மையாய்க் கறுத்திருந்தன. தொண்டைக்குள் விரலை விட்டாள். நான் ஓங்கரித்து அழுதேன்.

மாமா எச்சில் கையோடு ஓடிவந்தார். "என்னத்தத் தின்ன?"

"மெலஸ்டோமா," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். அதுதான் தப்பாகிப் போனது.

"ஒண்ணும் ஆகாதும்மா. கிரேக்க பாஷையில அந்தப் பேருக்கே கருவாய்னுதான் அர்த்தம். இலையில நரம்பு நீளவாக்குல ஓடுற இந்த மாதிரிச் செடிங்கள ஒண்ணாச் சேர்த்து, தின்னா வாய் கறுக்குதேன்னு அப்படிப் பேரு வச்சிருக்காங்க."

"பேரு வச்சவன் பெத்தவனாண்ணே?" என்றாள் அம்மா.

மாமா மேட்டுக்கு ஓடினார். ஒரு பிடி பழத்தோடு திரும்பி, அவள் கண்ணெதிரே மென்று விழுங்கிவிட்டுக் கறுத்த நாக்கை நீட்டிக் காட்டினார். நாற்பது தாண்டிய மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்து அழுகைக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு சுவரில் சரிந்து, சிந்திய ரசத்திலேயே உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ என்னால முடியாதுண்ணே."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. நானோ, மறுபடி ரசம் வைக்க முடியாது என்கிறாள் என்றெண்ணி, "பரவால்லம்மா, மோர் ஊத்திச் சாப்பிட்டுக்கலாம் லா," என்று ஆறுதல் சொன்னேன்.

எனக்கு முன் ஓர் அக்கா பிறந்திருந்தாள், மூன்று வயதில் ஏதோ காட்டுக்காயைத் தின்று ஒரே பகலில் போய்விட்டாள் என்று, எனக்கு மகள் பிறந்த பிறகுதான் மாமா சொன்னார். அவள் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டதும் அன்றுதான்.