டிக்கிக்குப் போன பேட்டரி

வில்ஃப் டான்ஸ்லியைக் காருக்குள்ளிருந்து வெளியே எடுக்க அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு சமையலறை நாற்காலியும் தேவைப்பட்டன.

கார் 1968-இல் செய்தது. கரும்பச்சை, இரண்டே சீட்டு, துணிக்கூரை. அதை வரைந்த புண்ணியவான் பேட்டரியை வைக்க ஊரில் இல்லாத இடத்தைத் தேடிப் பிடித்திருந்தார்: சீட்டுக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில், ஒரு மூடிக்குள். அதுவும் ஒன்றில்லை, ஆறு வோல்ட்டில் இரண்டு. தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கமாகத் தலைகீழாகப் பாய வேண்டும். இருபத்து நான்கு வயதில் வில்ஃப் வாயில் சிகரெட்டோடு பாய்ந்திருக்கிறார். இப்போது அறுபத்தெட்டு. இரண்டு முழங்காலும் ஆஸ்பத்திரியில் மாற்றி வைத்தவை. பாய்ந்தார், எழ முடியவில்லை. நாற்பது நிமிடம் கத்தினார். பெரில் சமையலறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தாள்.

கடைசியில் அவள் போன் போட்டு டெஸ் குவின்னலை வரவழைத்தாள். டெஸ், மூடிப்போன காலுறைத் தொழிற்சாலையின் எலெக்ட்ரீஷியன். வில்ஃபுக்கு முப்பது வருடச் சிநேகிதன். வந்து பார்த்தான். வில்ஃபின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

"பெரில், இவன இப்படியே காரோட சேத்து வித்துடலாமா? முகம் தெரியல பாரு, நல்ல விலைக்குப் போவான்."

"பெல்ட்டப் பிடிச்சு இழுடா" என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல்.

நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்த பிறகு பெரில் ஆரம்பித்தாள். "இங்க பாரு, வாத்தே."

இங்கிலாந்தில் ஹிங்க்லி பக்கத்தில் கட்டின புருஷனையும் பால்காரரையும் பஸ் டிரைவரையும் ஒரே மாதிரி வாத்தே என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வாத்து என்பது குரலில் இருக்கும். அன்றைக்கு வந்தது இறக்கை பிடுங்கிய வாத்து.

"இன்னொரு தடவ அதுக்குள்ள தலைய விட்ட, கார் இந்த வீட்ல இருக்காது. சொல்லு."

"சரி."

"சரின்னா என்ன சரி?"

"தலைய விட்டா வித்துடறேன்."

சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் காரை விற்றுவிட்டு அவர் என்ன செய்வார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பஸ் டிப்போவில் நாற்பது வருடம் ஃபிட்டர். 1971-இல் காரை வாங்கினார். அதில் கூட்டிக்கொண்டு போய்த்தான் பெரிலுக்குக் கடலைக் காட்டினார், அங்கேயே கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. காரைப் பற்றிப் பேசுவார்கள். மே மாதம் முதல் ஞாயிறு, பழைய கார் கிளப்பின் கார்கள் எல்லாம் வரிசையாகக் கடலுக்குப் போய் வரும். நாற்பத்து நான்கு வருடத்தில் வில்ஃப் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கிளப்பில் அவருக்குப் பயப்படாதவர் இல்லை. காரணம், சட்டைப்பையில் வைத்திருந்த சின்னக் காந்தம். வியாழக்கிழமை பப் வாசலில் கார்கள் நிற்கும்போது ஒவ்வொன்றின் மட்கார்டிலும் அதை ஒட்டிப் பார்ப்பார். காந்தம் விழுந்தால் உள்ளே இரும்பில்லை, துருவை மறைத்த பட்டி. "என்னப்பா, மாவு பிசைஞ்சு கார் செஞ்சிருக்க?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். அவர் கார் விஷயம் வேறு. பனிக்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் உப்பு போட ஆரம்பிக்கும் முன், ஒவ்வொரு அக்டோபரிலும் காருக்கு அடியிலும் டிக்கிக்குள்ளும் ஒரு டின் கருந்தார் பூசிவிடுவார். "என் கார்ல துரு நுழையணும்னா அதுக்கு விசா வேணும்."

ஆகவே தலையை விடாமல் காரை வைத்துக்கொள்ள ஒரே வழிதான் இருந்தது. பேட்டரியை டிக்கிக்கு மாற்றுவது. இரண்டு ஆறு வோல்ட்டுக்குப் பதில் பன்னிரண்டில் ஒன்று. டிக்கியைத் திறந்து நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம். மே மாதத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

டெஸ் எதற்கும் ரயில் நிலைய அறிவிப்புக் குரலைத்தான் எடுப்பான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கராஜ் எதிரொலிக்க:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சீட்டுக்குப் பின்னாலிருந்து புறப்படும் பேட்டரி, இன்று முதல் டிக்கியிலிருந்து புறப்படும். தாமதத்திற்கு வருந்துகிறோம். தாமதத்துக்குக் காரணம், வில்ஃபோட முழங்கால்."

"அறிவிப்ப முடிச்சுட்டு ஸ்பேனர எடு."

பழைய பேட்டரிகளை எடுக்க டெஸ்ஸே தலைகீழாகப் பாய்ந்தான். வில்ஃப் ஒப்பந்தத்தை மீறவில்லை. பெரில் ஜன்னலில் நின்று சரிபார்த்துக்கொண்டாள். ஸ்டார்ட்டர் வரைக்கும் கட்டைவிரல் தடிமனில் கேபிள் இழுத்தார்கள். தகட்டைத் தாண்டும் ஓட்டையில் உராயாமலிருக்க ரப்பர் வளையம் போட்டார்கள். இரண்டு நாள் வேலை, சுத்தமான வேலை. மிச்சம் எர்த் ஒன்றுதான்: பேட்டரியின் மறுமுனையைக் காரின் இரும்போடு சேர்க்கும் கேபிள்.

"எர்த்துக்குப் பளபளன்னு இரும்பு வேணும்" என்றான் டெஸ், முன்பக்கம் வயரை முடுக்கிக்கொண்டே. "டிக்கித் தரையில ஒரு காசு அகலம் சுரண்டிக் குடு."

வில்ஃப் பட்டிக் கத்தியால் சுரண்டினார். தார் மிட்டாய் மாதிரிச் சுருண்டு வந்தது. கீழே முந்தின வருடத்துத் தார். அதற்குக் கீழே அதற்கு முந்தினது. அப்புறம் பழுப்பாகச் செதில்கள் வந்தன.

"ஆச்சா?"

"இடம் மாத்திப் பாக்கறேன்."

நான்கு விரல் தள்ளிச் சுரண்டினார். தார், தார், செதில். இடது மூலைக்குப் போனார். கத்தியை அழுத்தினார். கத்தி கையில் இல்லை.

"என்னது சத்தம்?"

"கத்தி கீழ விழுந்துருச்சு."

"டிக்கிக்குள்ளதான சுரண்டற? அது எப்படிக் கீழ விழும்?"

வில்ஃப் எட்டிப் பார்த்தார். ஓட்டை வழியாகக் கராஜ் தரையும் அதில் கிடந்த கத்தியும் தெரிந்தன.

டெஸ் ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் நுழைந்தான். வெகுநேரம் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் இரும்பாக ஒலித்தது, பிறகு ஒலிக்கவில்லை, மெத்தென்று அமுங்கியது. வெளியே வந்தபோது முகமெல்லாம் பழுப்புத் தூள்.

"அக்டோபர்ல தார் பூசும்போது அடிய காயவச்சியா?"

"தொடச்சேன்."

"எதால?"

"துணியால."

"ஈரத்த உள்ள வச்சு மூடிருக்க வில்ஃப். வருஷா வருஷம். தண்ணி வெளிய போகவே வழியில்ல." டெஸ் துணியில் கையைத் துடைத்தான். "பின்சக்கரத்து வில்பட்டை மாட்டியிருக்கற கொக்கி இருக்கே, அது இப்ப இரும்புல தொங்கல. தார்ல தொங்குது. போன மே மாசம் நீங்க ரெண்டு பேரும் கடலுக்குப் போனது தார்ல உக்காந்துதான்."

"வெல்டிங் வச்சுப் பத்த வைக்கலாம்ல?"

"எதோட பத்த வைக்கறது? ஒட்டறதுக்கு அந்தப் பக்கம் இரும்பு வேணும்ல."

"புது பாடி?"

"கிடைக்கும். உன் நம்பர் பிளேட்ட எடுத்து அதுல மாட்டிக்க. அது வேற கார்."

அறிவிப்புக் குரல் வரவில்லை. வில்ஃபுக்கு அது வந்தால் தேவலை என்றிருந்தது. பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். கதவுக்குக் கீழே, காரையே தாங்கும் நீளச் சட்டத்தின் பக்கவாட்டில் ஒட்டிப் பார்த்தார். விழுந்தது. குனிந்து எடுக்க முழங்கால் விடவில்லை. டெஸ் எடுத்துக் கொடுத்தான்.

பெரில் டீயோடு வந்து இரண்டு முகத்தையும் பார்த்தாள். "தலைய விட்டானா?"

"இல்ல" என்றான் டெஸ்.

"அப்ப என்ன?"

"எர்த் கிடைக்கல."

கடைசியில் எர்த் கேபிளையும் முன்னால் எஞ்சின் வரைக்கும் இழுத்தார்கள். எதற்கு என்று டெஸ் கேட்டான். ஆரம்பித்ததை முடிக்க வேண்டும் என்றார் வில்ஃப். சாவியைத் திருப்பினார், தொட்ட மாத்திரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாற்பத்து நான்கு வருடத்தில் அது அப்படி எடுத்ததே இல்லை.

கிளப்புக்குப் போன் போட்டு முழங்கால் வலி என்று சொன்னார். இத்தனை வருடம் அந்த முழங்காலைப் பற்றி அங்கே ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

மே மாதம் முதல் ஞாயிறு காலை, டெஸ்ஸும் பெரிலும் தள்ள, கார் கராஜிலிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டியது. வில்ஃப் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். டெஸ் கையைக் கழுவிக்கொண்டு, "வியாழக்கிழமை பப்புக்கு வருவியா?" என்றான்.

"பாக்கலாம்."

வரமாட்டார் என்று டெஸ்ஸுக்குத் தெரிந்தது. போனான்.

பெரில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கும் முட்டை சாண்ட்விச்சும் எடுத்து வந்து பக்கத்துச் சீட்டில் ஏறினாள். வருடா வருடம் இந்த ஞாயிறு காலையில் அவள் செய்வது அதுதான்.

"கதவ மெதுவா சாத்து" என்றார் வில்ஃப்.

பத்து மணிக்குக் கிளப்காரர்கள் வந்தார்கள். இந்த மாதிரிக் கார் வைத்திருப்பவர்கள் வழியில் எதிர்ப்பட்டால் கை தூக்குவார்கள்; ஒரே வகைக் காருக்கு ஒரே மரியாதை. முப்பத்தேழு காரிலும் கை தூக்கினார்கள். மாவு பிசைந்த காரும் போனது, ஹாரன் அடித்துக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் வில்ஃப் முன்விளக்கைப் போட்டு அணைத்தார். விளக்கு பகலிலும் நல்ல வெளிச்சமாக எரிந்தது.

கடைசிக் கார் வளைவில் மறைந்தது. சாண்ட்விச் தீர்ந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் வாத்தே?" என்று கேட்டாள் பெரில்.

"பேட்டரிக்குச் சார்ஜ் ஏறட்டும்."

"எதுக்கு?"

வில்ஃப் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கடலுக்குப் போகிற ரோட்டில் வேறு யாரோ, வேறு ஏதோ சாதாரணக் காரில் போனார்கள். அவர்கள் கை தூக்கவில்லை.